கரிச்சானுக்குக் கொடுத்த குரல்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தங்கரையில் ஒரு மருத மரம். அதன் உச்சிக் கிளையில் ஒரு கரிச்சான் குடியிருந்தது. வாலில் இரண்டு நீளக் கம்பி, கம்பிக்கு ஒன்றாக நுனியில் துடுப்பு, பார்க்க மிடுக்கான பறவைதான். அதற்கு இருந்தது ஒரே ஒரு திறமை. யார் குரலை வேண்டுமானாலும் அப்படியே திருப்பிக் கூவும்.

அந்தக் காட்டில் சிறுத்தை வந்தால், முதலில் பார்த்தவர் குரல் கொடுப்பார். குரங்கு கெக்கெக்கென்று கத்தும். மயில் அகவும். கேளையாடு என்கிற சின்ன மான் நாய் மாதிரி குரைக்கும். ஆனால் ஒருவர் பாஷை அடுத்தவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். கௌதாரி அலறியது சிறுத்தையைப் பார்த்தா, சிறுத்தை மாதிரி இருந்த பாறையைப் பார்த்தா என்று யோசிப்பதற்குள் ஓட வேண்டிய நேரம் போய்விடும்.

ஒருநாள் கரிச்சான் எல்லாரையும் குளத்தங்கரைக்குக் கூப்பிட்டது.

"இனிமே யாரும் தொண்டை கிழியக் கத்த வேணாம்! உச்சியில நான் இருக்கேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆபத்து வந்தா குரங்குக்குக் குரங்கு பாஷையில சொல்றேன், மயிலுக்கு மயில் பாஷையில சொல்றேன். நீங்க பாட்டுக்கு நிம்மதியா மேயுங்க!"

"இதுக்கு நாங்க என்ன குடுக்கணும்?" என்று கேட்டது கடுவன். அது குரங்குக் கூட்டத்தின் தலைவன்.

"ஒண்ணும் வேணாம்! முழுக்க இலவசம்! உங்க குரலை எனக்குக் கூவிக் காட்டுங்க. நான் தப்பாக் கூவினா திருத்துங்க. அவ்வளவுதான்!"

பிறகு கரிச்சான் நிபந்தனைகளைச் சொன்னது. முதல் வரி குரங்கு பாஷையில். அடுத்த வரி கௌதாரி பாஷையில். 'உங்கள் குரல் இனிமேல் என் குரல், அதை எப்போது எதற்குக் கூவுவது என்பது என் விருப்பம்' என்ற வரி மட்டும் வாலாட்டிக் குருவியின் பாஷையில். மூச்சு விடாமல் சொன்னது. எல்லாருக்கும் தாகம். "சம்மதமா?" என்று அது முடித்ததும் எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தண்ணீரில் வாயை வைத்தார்கள். அந்த வரி புரிந்த ஒரே ஆள் வாலாட்டிக் குருவி. அது குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளி. உள்ளூர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று இருந்துவிட்டு, குளிர் முடிந்ததும் வடக்கே கிளம்பிப் போய்விட்டது.

திருத்தச் சொன்னதுதான் கரிச்சானின் கெட்டிக்காரத்தனம். அந்தக் காட்டு விலங்குகளுக்குப் பசி பொறுக்கும், வெயில் பொறுக்கும். தன் குரலை இன்னொருவர் தப்பாகக் கூவினால் மட்டும் பொறுக்காது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் எழுந்துபோய், "அப்படி இல்லை, இப்படி!" என்று கூவிக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை. தினமும் சாயங்காலம் மருத மரத்தடியில் கூட்டம் கூடியது. கரிச்சான் கூவும். கீழே இருப்பவர்கள் திருத்துவார்கள். மயிலுக்கு அதில் தனிப் பெருமை. ஒரு நாளும் தவறாது.

வல்லி என்று ஒரு கேளையாடு இருந்தது. அதுவும் போய்த் திருத்தும். வல்லியின் குரைப்பு கொஞ்சம் கரகரப்பு. முடிகிற இடத்தில் உடைந்து ஒரு விக்கல் விழும்.

"அந்த விக்கலை விட்டுட்டீங்களே" என்றது வல்லி.

"அது வேணாம்மா. இல்லாமத்தான் சுத்தமா இருக்கு" என்றது கரிச்சான்.

வல்லிக்கும் அது சரியென்றுதான் பட்டது. தன் குரல் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோடையில் வல்லி ஒரு குட்டி போட்டது. கொழுந்து என்று பெயர் வைத்தது. குட்டியை இண்டம்புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். "குரைப்புச் சத்தம் கேட்டா தரையோட தரையாப் படுத்துக்கணும். மூச்சுக்கூட மெல்லத்தான் விடணும். தெரிஞ்சுதா?" என்று சொல்லிவைத்திருந்தது. கொழுந்தும் கெட்டிக்காரக் குட்டி. மரத்திலிருந்து குரைப்பு வந்தால் பட்டென்று படுத்துவிடும். வல்லி தூரத்துப் புல்வெளி வரை போய் நிம்மதியாக மேய்ந்தது. கரிச்சான் நன்றாக இருக்க வேண்டும் என்று வாயார வாழ்த்தவும் செய்தது.

கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. கௌதாரி ஒரு கறையான் புற்றைக் கிளறிப் பிரித்து வைத்தது. கொத்தப் போகும் நேரத்தில் மரத்திலிருந்து கௌதாரி பாஷையில், "சிறுத்தை! சிறுத்தை!" என்று குரல் வந்தது. கௌதாரி குடும்பத்தோடு பறந்தது. சிறுத்தை வரவில்லை. கரிச்சான் இறங்கி வந்து கறையானைச் சாவகாசமாகத் தின்றது.

மறுநாளும் சிறுத்தை வரவில்லை. கரிச்சான் மட்டும் வந்தது.

குரங்குக் கூட்டம் கிளையை உலுக்கினால் பூச்சி பறக்கும் அல்லவா? அங்கேயும் குரங்கு பாஷையில் ஒரு குரல். குரங்குகள் ஓடும். கரிச்சான் பூச்சி பிடிக்கும். பொய்க் குரலை ஒரே பாஷையில் கூவினால் சந்தேகம் வரும், எதற்கும் இருக்கட்டும் என்று கேளையாட்டின் குரலிலும் இரண்டு தடவை குரைத்துவைக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதில் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ஒருநாள் வல்லி புதரருகே மேய்ந்துகொண்டிருந்தபோது காற்றில் சிறுத்தை வாடை வந்தது. வல்லி தானே குரைத்தது. ஆபத்துக்குக் குரைத்து வெகுநாளாகிவிட்ட தொண்டை. கரகரத்து வந்தது. கடைசியில் விக்கலும் விழுந்தது.

கொழுந்து படுக்கவில்லை. எழுந்து நின்று அம்மாவைப் பார்த்தது.

"படு!" என்றது வல்லி.

"ஏம்மா தப்பாக் குரைக்கிறே?" என்றது கொழுந்து. "அப்படி இல்லை, இப்படி!" என்று கரிச்சான் மாதிரியே சுத்தமாக ஒரு குரைப்புக் குரைத்துக் காட்டியது.

நல்லவேளை, சிறுத்தை வயிறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்கே அம்மாவின் குரல் தெரியவில்லை. அடுத்த தடவை சிறுத்தை பசியோடு வந்தால்? அன்றிலிருந்து வல்லி தூரத்துப் புல்வெளிக்குப் போகவில்லை. புதரைச் சுற்றியே நின்றது. அங்கே இருந்த புல் தீர்ந்தது. பால் குறைந்தது. குட்டி மெலிந்தது.

வல்லி மருத மரத்தடிக்குப் போனது.

"என் குரலைத் திருப்பிக் குடுங்க!"

"உங்க குரல் உங்க தொண்டையிலதானே இருக்கு? நான் எங்கே எடுத்தேன்?" என்றது கரிச்சான். "தலையாட்டினீங்க இல்ல?"

"தண்ணி குடிக்கக் குனிஞ்சேன்!"

"அதுக்கு முன்னாடி ஆட்டினீங்களே. நான் பாத்தேன். எனக்கு எல்லாம் தெரியும்."

சரி, இனிமேல் உன்னைத் திருத்த வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு வல்லி புதரோடு இருந்துவிட்டது. கரிச்சானுக்கு ஒரு நட்டமும் இல்லை. கேளையாட்டுக் குரலைத் தவறாகக் கூவிய அன்றே கடுவன் எழுந்து, "அப்படி இல்லைப்பா, வல்லி இப்படில்ல குரைக்கும்!" என்று திருத்திக் கொடுத்தது. வல்லிக்கு உபகாரம் செய்வதாகக் கடுவனுக்கு நினைப்பு. வல்லி ஒன்று இல்லை என்பதைக் கூட்டத்தில் யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வல்லியிடம் நாரை வந்து சேர்ந்தது. அது குளத்தின் ஆழமில்லாத பக்கம் ஒற்றைக்காலில் நின்று ஆராய்ச்சி செய்கிற நாரை. வெகுநாளாக நிற்கிறது. பாசி பிடித்த மரக்கட்டை என்று நினைத்து ஒரு தவளை அதன்மேல் குடித்தனமே நடத்தியிருக்கிறது. காட்டில் யார் வேலை செய்கிறார்கள், யார் செய்வதில்லை என்பதுதான் ஆராய்ச்சி.

"தங்கச்சி, சில கேள்விகள்" என்று ஆரம்பித்தது. "நீங்கள் நாளொன்றுக்கு எத்தனை தடவை கரிச்சானைத் திருத்துவீர்கள்? திருத்துவதை வேலை என்று நினைக்கிறீர்களா, பொழுதுபோக்கு என்று நினைக்கிறீர்களா?"

வல்லிக்கு எங்கேயோ இருந்த கோபமெல்லாம் வந்தது.

"நாரையண்ணே, உங்களுக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கேன். கடுவனண்ணன் சொல்லியிருக்கு. கௌதாரியக்கா சொல்லியிருக்கு. அதையெல்லாம் வாங்கி என்ன பண்ணினீங்க?"

"தொகுத்திருக்கிறேன். மாரிக்காலத்தில் பெரிய ஏரியில் நாரைகள் கூட்டம் கூடும். அங்கே வாசிப்பேன்."

"சொன்னது நாங்க, கேக்கிறது அவங்களா? அப்போ உங்களுக்கும் கரிச்சானுக்கும் என்னண்ணே வித்தியாசம்? கரிச்சானாவது எப்பவாவது சிறுத்தை வருதுன்னு சொல்லுது!"

நாரை தூக்கிய காலைக் கீழே வைத்து, மற்றக் காலைத் தூக்கியது. அது கால் மாற்றியதைப் பார்த்தவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

"வாஸ்தவம்" என்றது. "முதலில் இங்கேதான் வாசித்திருக்க வேண்டும். எல்லாரையும் கூப்பிடுங்கள்."

கரிச்சான் மத்தியானத்தில் கறையான் தேடிப் போகும். அந்த நேரத்தில் காய்ந்த ஓடைப் பள்ளத்தில் எல்லாரும் கூடினார்கள். நாரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆராய்ச்சியின் பின்புலம்" என்று தொடங்கியது.

"முடிவை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றது கடுவன். "வெயில் ஏறுது."

நாரைக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் சொன்னது.

"கரிச்சான் தனக்கு எல்லாம் தெரியும் என்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொன்னது. அது மட்டுமில்லை. சொன்னது அதனிடம் நிற்பதும் இல்லை. வாலாட்டிக் குருவி ஊருக்குப் போனது நினைவிருக்கிறதா? இருந்தவரை அதன் குரலைக் கரிச்சான் பிசகாமல் கூவியது. போன பிறகு திருத்த ஆளில்லை. இப்போது கூவுவதைக் கேளுங்கள், மூங்கில் உரசுகிற சத்தம் வருகிறது. அது கரிச்சானுக்கே தெரியவில்லை. தினமும் சாயங்காலம் நீங்கள் செய்வது விளையாட்டு இல்லை, வேலை. கரிச்சான் பிழைப்பதே அந்த வேலையில்தான்."

கௌதாரிதான் முதலில், "என் கறையானையும் தின்னுட்டு, அதைத் திங்கிறதுக்கான பாஷையையும் நானேதான் சொல்லிக் குடுத்தேனா?" என்றது. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

"அடிச்சு விரட்டிருவோம்!" என்றது கடுவன்.

"அது வேற மரத்துக்குப் போய் இதையே பண்ணும்" என்றது வல்லி.

"அப்போ சம்பளம் கேப்போம்" என்றது மயில். "தலைக்கு இவ்வளவு கறையான்னு."

"நான் கறையான் திங்கிறதில்லை மயிலண்ணே. எனக்கு என் பிள்ளை என் குரலைக் கேட்டாப் போதும்." வல்லி எல்லாரையும் பார்த்தது. "நான் ஒருத்தியா நிறுத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கலை. எல்லாரும் சேர்ந்து நிறுத்துவோம். நாளையிலிருந்து அது எவ்வளவு தப்பாக் கூவினாலும் யாரும் திருத்தக் கூடாது. நல்லாருக்குன்னு சொல்லணும். ஆபத்து வந்தா பழையபடி அவங்கவங்க குரைப்போம், கத்துவோம்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மயிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கிறீங்க?" என்றது மயில்.

மறுநாள் சாயங்காலம் கரிச்சான் மரத்தில் உட்கார்ந்து மயில் குரலில் அகவியது. கடைசி இழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மயிலின் கழுத்து விறைத்தது. வாய் திறந்தது. வல்லி அதன் காலை மெல்ல மிதித்தது.

"பிரமாதம்!" என்றது மயில்.

கரிச்சானுக்கு உச்சி குளிர்ந்தது. தன்னிடம் தப்பே இல்லாமல் போன நாளும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. அடுத்த நாள் இழுப்பு இன்னும் குறைந்தது. அதற்கடுத்த நாள் மயிலும் தவளையும் கலந்த ஒரு சத்தம் வந்தது. "அடடா!" என்றார்கள் எல்லாரும். மயில் தன் தோகையில் ஒரு இறகைக் கவ்விக்கொண்டு நின்றது. வாயில் ஏதாவது இருந்தால்தான் பேச்சு வராது. கண்ணில் நீர் முட்டியது. கேட்டதற்கு, ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிவிட்டது. பாவம், அந்தக் காட்டில் அதைப்போல் கஷ்டப்பட்டு வேலை நிறுத்தம் செய்தவர் வேறு யாருமில்லை.

கௌதாரி புற்றைக் கிளறியது. மரத்திலிருந்து சளி பிடித்த கீரி இருமுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. கௌதாரி தலையைத் தூக்கிப் பார்த்து, "நல்லாருக்கு!" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தின்றது.

இதற்கிடையே வல்லி தினமும் கொழுந்தின் பக்கத்தில் நின்று குரைத்துப் பழகியது. "இதுதான் அம்மா. கடைசியில விக்கல் விழுதா? அது இருந்தாத்தான் அம்மா." கொழுந்துக்கு முதலில் சந்தேகம்தான். விக்கல் அசிங்கமாக இருக்கிறது என்றது. ஆனால் மரத்திலிருந்து வந்த குரைப்பு நாளுக்கு நாள் வெண்கலத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிக்கொண்டே போனது. அதற்குப் படுப்பதா வேண்டாமா என்று கொழுந்து குழம்பியது. வல்லிக்கும் உள்ளூர பயம்தான். கரிச்சான் குரல் மறந்து, அம்மா குரல் குட்டியின் மனதில் படிவதற்கு முன்னால் சிறுத்தை வந்துவிட்டால் என்ன செய்வது?

சிறுத்தை வந்தது. இந்தத் தடவை பசியோடு வந்தது.

முதலில் பார்த்தது கரிச்சான்தான். சிறுத்தை இண்டம்புதரை நோக்கிப் பதுங்கிப் போவதும், புதரின் ஓரத்தில் கொழுந்து துள்ளிக்கொண்டிருப்பதும் அதற்குத் தெரிந்தது. கரிச்சான் திருடன்தான், கல்நெஞ்சன் இல்லை. உயிரைக் கொடுத்துக் கத்தியது. கேளையாட்டு பாஷையில் கத்தியது. குரங்கு பாஷையில் கத்தியது. மயில் பாஷையில் கத்தியது. வெண்கலமும் கீரியும் தவளையும்தான் வந்தன.

கொழுந்து மரத்தைப் பார்த்தது. "நல்லாருக்கு!" என்றது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அது கேட்டிருந்தது.

அந்த நேரம் காற்று திரும்பியது. புதரருகே புல் தீர்ந்ததால் அன்று சற்றுத் தள்ளி மேயப் போயிருந்த வல்லிக்கு வாடை தட்டியது. குட்டிக்கும் தனக்கும் நடுவில் பாதிப் புல்வெளி. ஓடிப் போய்ச் சேர முடியாது. இருப்பது குரல் ஒன்றுதான். வல்லி வயிற்றிலிருந்து எடுத்துக் குரைத்தது. கரகரத்தது. உடைந்தது. கடைசியில் விக்கல் விழுந்தது.

கொழுந்து பட்டென்று தரையோடு தரையாகப் படுத்தது.

வல்லி குரைத்ததைக் கேட்டுக் கடுவன் கத்தியது. மயில் இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அகவியது. காடே எழுந்து அலறியது. பதுங்கிப் போகிறவனுக்கு நாலு பக்கமும் ஆள் பார்த்துவிட்டால் அப்புறம் என்ன மரியாதை? சிறுத்தை புதருக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று முகர்ந்தது. காய்ந்த சருகும் குட்டியும் ஒரே நிறம். அது அலுத்துப்போய், வந்த வழியே மலையேறிவிட்டது.

வல்லி ஓடிப் போய்க் குட்டியை நக்கியது. நக்கி நக்கிக் குட்டியின் காது சிவந்துபோனது.

"விக்கல் வந்துச்சும்மா. அதான் படுத்தேன்" என்றது கொழுந்து.

கரிச்சான் மரத்திலிருந்து இறங்கி வந்தது. துடுப்பு இரண்டும் தொங்கின.

"நான் நெஜமாத்தான் கத்தினேன்! சத்தியமா! ஒருத்தரும் ஓடலையே!"

"தெரியும். நீங்க கத்தினது நெஜம்தான்" என்றது வல்லி. "ஆனா அது யார் குரல்னுதான் எங்களுக்குத் தெரியலை."

"நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்களே!"

"இலவசம்னு நீங்க சொல்லலையா?"

கரிச்சானுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மருத மரத்தடியில் கூட்டம் கூடியது. இந்தத் தடவை நிபந்தனையைச் சொன்னது கீழே இருந்தவர்கள். எல்லாரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகு, எல்லாருக்கும் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்கள். கண்ணால் பார்த்த ஆபத்துக்கு மட்டும் குரல் கொடுக்க வேண்டும். பொய்க்குரல் கொடுத்தால் அன்றே திருத்தம் நின்றுபோகும், எல்லாரும் சேர்ந்தே நிறுத்துவார்கள். குட்டி வைத்திருக்கும் தாயின் குரலை அவளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமானால் முதலில் இந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டா எனக்கு என்ன கிடைக்கும்?" என்றது கரிச்சான்.

"திருத்தம் கிடைக்கும்" என்றது மயில். வாயிலிருந்த இறகைத் துப்பிவிட்டுச் சொன்னது.

"சம்மதம்" என்று கரிச்சான் குரங்கு பாஷையில் சொன்னது.

"அது கடுவனண்ணன் குரல்" என்றது வல்லி. "உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க."

கரிச்சான் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஊராரின் குரலையெல்லாம் கூவிக் கூவித் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துச் சன்னமாக ஒரு சத்தம் வந்தது. அது சரியா தவறா என்று திருத்துவதற்கு அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை.

நாரை மாரிக்காலத்தில் பெரிய ஏரிக்குப் போய் ஆராய்ச்சியை வாசித்தது. மற்ற நாரைகள் கவனமாகக் கேட்டுவிட்டு, ஆராய்ச்சியின் நடுவில் காலை மாற்றியது முறைதானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டன. நாரை அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டது. வல்லி மறுபடி தூரத்துப் புல்வெளிக்குப் போனது. கொழுந்து புதருக்குள் படுத்து, அம்மாவின் குரைப்பை விக்கலோடு பழகிக்கொண்டிருந்தது. எல்லாரும் சேர்ந்து கொடுத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்பதை எல்லாரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.